மோட்டார் இல்லாத குட்டி ட்ரெட்மில்: வீட்டுக்குள் ஓடலாமா, நடக்க மட்டும்தானா?

ஐப்பசி மழையில் வேளச்சேரி எப்படி இருக்கும் என்று சென்னைக்காரர்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. தெருவில் கணுக்கால் வரை தண்ணீர். ஜனவரியில் நடக்கும் 10 கி.மீ. ஓட்டத்துக்குப் பெயர் கொடுத்து, பணமும் கட்டியாகிவிட்டது. பயிற்சிக்கு மிச்சமிருப்பது அக்டோபர் முதல் டிசம்பர் வரை மூன்று மாசம். சரியாக வடகிழக்குப் பருவமழை. மழை இல்லாத நாளில் ஓடலாமே என்றால், எனக்கு ஷிப்ட் முடிவது இரவு 11 மணிக்கு. அந்த நேரத்தில் ஒரு பெண் தெருவில் தனியாக ஓடினால் பின்னால் நாய் ஓடிவரும். இல்லையென்றால் பைக்கில் யாராவது கூடவே மெதுவாக வருவார்கள். இரண்டில் நாய் பரவாயில்லை.

அப்போதுதான் போனில் அந்த விளம்பரம். 'மேனுவல் ட்ரெட்மில். கரண்ட் தேவையில்லை. மடித்துக் கட்டிலுக்கு அடியில் வைக்கலாம்.' விலை 11 ஆயிரத்துச் சொச்சம். படத்தில் ஒரு பெண் சிரித்துக்கொண்டே ஓடிக்கொண்டிருந்தார். நானும் வாங்கிவிட்டேன்.

மூன்றாவது வாரம், காலையில் கட்டிலில் இருந்து இறங்கி முதல் அடி வைத்தபோது குதிகாலுக்கு மேலே சுருக்கென்று பிடித்தது. நாலு நாள் பார்த்துவிட்டு பிசியோதெரபிஸ்ட்டிடம் போனேன். அவர் காலைத் தொட்டுப் பார்ப்பதற்கு முன்பே கேட்டார்: "எதுல ஓடுறீங்க?" சொன்னேன். போனில் இருந்த படத்தையும் காட்டினேன். "ஓடலைங்க நீங்க. மூணு வாரமா தினமும் மலை ஏறிட்டு இருந்திருக்கீங்க" என்றார்.

அந்த ஒரு வாக்கியம் புரிந்திருந்தால் 11 ஆயிரம் மிச்சமாகியிருக்கும். அதைத்தான் இங்கே விளக்கப் போகிறேன்.

மோட்டாரின் வேலையை யார் செய்கிறார்கள்?

ஜிம்மில் இருக்கும் சாதாரண ட்ரெட்மில்லில் பெல்ட்டை மோட்டார் இழுக்கிறது. நாம் அந்த வேகத்துக்கு ஈடுகொடுத்தால் போதும். மேனுவல் ட்ரெட்மில்லில் மோட்டார் கிடையாது. பெல்ட்டுக்கும் அடியில் இருக்கும் பலகைக்கும் நடுவே உராய்வு இருக்கிறது. நம் எடை மேலே அழுத்த அழுத்த உராய்வும் கூடும். அதை மீறி பெல்ட்டைப் பின்னால் தள்ள வேண்டியது நம் கால்தான்.

சமதளத்தில் இது நடக்காத காரியம். காலால் பின்னால் தள்ளினால் உடம்பு முன்னால் போகுமே தவிர பெல்ட் நகராது. அதனால் கம்பெனிக்காரர்கள் இரண்டு வேலை செய்கிறார்கள். ஒன்று, மெஷினின் முன்பக்கத்தைத் தூக்கிச் சரிவாக வைத்துவிடுகிறார்கள். சறுக்குமரம் மாதிரி, நம் எடையே பெல்ட்டைக் கீழே இழுக்கும். இரண்டு, பிடித்துக்கொள்ள ஒரு கம்பி தருகிறார்கள். கம்பியைப் பிடித்துக்கொண்டு காலால் தள்ள வேண்டும். மோட்டார் ட்ரெட்மில்லில் அந்தக் கம்பி பாதுகாப்புக்கு. இதில் அது இயந்திரத்தின் ஒரு பாகம். கையை எடுத்தால் பாதி மெஷின்களில் பெல்ட் திக்கித் திக்கி நின்றுவிடும்.

சரிவு எவ்வளவு என்பதை இன்ச் டேப்பை வைத்து நீங்களே கண்டுபிடிக்கலாம். என்னுடையதில் பெல்ட் நீளம் 110 செ.மீ. பின்பக்கத்தைவிட முன்பக்கம் 11 செ.மீ. உயரம். அதாவது 10 சதவீதம் ஏற்றம். பெரும்பாலான சின்ன மாடல்களில் இந்தச் சரிவைக் கையால் இரண்டு மூன்று நிலைகளில் மாற்றலாம். ஆனால் சமதளமாக்க முடியாது. ஆக்கினால் பெல்ட் ஓடாது.

10 சதவீதம் பெரிய விஷயமா? ஒப்பிட்டுப் பாருங்கள். ட்ரெட்மில்லில் ஓடும்போது எதிர்க்காற்று கிடையாது. அதை ஈடுகட்ட எவ்வளவு சரிவு வைக்கலாம் என்று ஆண்ட்ரூ ஜோன்ஸ், ஜோனதன் டௌஸ்ட் என்ற இரு ஆய்வாளர்கள் 1996இல் சோதித்தார்கள். வெளியே சமதளத்தில் ஓடுவதற்குச் செலவாகும் சக்தியோடு ஒத்துப்போனது 1 சதவீதச் சரிவு. இன்றைக்கும் ஜிம் ட்ரெயினர்கள் 'இன்க்லைன் ஒண்ணுல வைங்க' என்று சொல்வதற்கு அதுதான் மூலம். நான் ஓடிக்கொண்டிருந்தது அதைப் போலப் பத்து மடங்கு சரிவில்.

ஏற்றத்தில் ஓடும்போது குதிகால் கீழே இறங்கி, முன்பாதம் மேலே நிற்கும். கெண்டைக்கால் தசையும், அதைக் குதிகாலோடு இணைக்கும் தசைநாரும் ஒவ்வோர் அடிக்கும் கூடுதலாக இழுபடும். வாரத்துக்கு ஒருநாள் என்றால் நல்ல பயிற்சி. தினமும் அரை மணி நேரம், அதுவும் புதிதாக ஆரம்பித்தவர் என்றால் என் கதைதான்.

அப்போ இது ஏமாற்று வேலையா?

இல்லை. இங்கேதான் நானே என் கருத்தைக் கொஞ்சம் மாற்றிக்கொள்ள வேண்டியிருந்தது.

மாஸ்டர் செக்கப் போனவர்களுக்கு டிஎம்டி டெஸ்ட் தெரிந்திருக்கும். நெஞ்சில் ஒயர்களை ஒட்டி, ட்ரெட்மில்லில் நடக்கவிட்டு, இதயத் துடிப்பைப் பார்ப்பார்கள். அதற்குப் பரவலாகப் பயன்படும் முறைக்கு, அதை உருவாக்கிய அமெரிக்க இதய மருத்துவர் ராபர்ட் புரூஸின் பெயர். அந்த முறையில் முதல் மூன்று நிமிடம் வேகம் மணிக்கு வெறும் 2.7 கி.மீ. கோயில் பிராகாரத்தில் சுற்றுகிற வேகம். ஆனால் சரிவு 10 சதவீதம். மூன்று நிமிடத்துக்கு ஒருமுறை வேகமும் சரிவும் கூடும். ஏழாவது நிமிடம் தொடங்கும்போது வேகம் 5.5 கி.மீ., சரிவு 14 சதவீதம். அது இன்னும் நடைதான், ஓட்டம் இல்லை. பலருக்கு அதிலேயே மூச்சு வாங்கிவிடும்.

அதாவது, இதயத்துக்கு வேலை கொடுக்க ஓட வேண்டும் என்று கட்டாயமில்லை. ஏற்றத்தில் வேகமாக நடந்தாலே போதும். அந்தக் கணக்கில் பார்த்தால், 11 ஆயிரம் ரூபாய் மெஷின் ஒரு நல்ல மலையேற்ற மெஷின். அதை ஓடும் மெஷின் என்று விற்பதுதான் பிரச்சினை.

உலக சுகாதார நிறுவனம் 2020இல் வெளியிட்ட வழிகாட்டுதலின்படி பெரியவர்களுக்கு வாரத்துக்கு 150 முதல் 300 நிமிடம் மிதமான உடற்பயிற்சி, அல்லது 75 முதல் 150 நிமிடம் கடுமையான உடற்பயிற்சி தேவை. எது மிதம், எது கடுமை? வாட்ச் எல்லாம் வேண்டாம். பேச முடிகிறது, ஆனால் பாட முடியவில்லை என்றால் மிதம். நாலு வார்த்தைக்கு மேல் சேர்ந்தாற்போல் பேச முடியவில்லை என்றால் கடுமை. மேனுவல் ட்ரெட்மில்லில் வேகமாக நடக்கும்போது போன் வந்தால் எடுத்துப் பாருங்கள், தெரிந்துவிடும். வாரத்துக்கு ஐந்து நாள், நாளுக்கு 15 நிமிடம் அந்த இரண்டாவது நிலையில் இருந்தால் 75 நிமிடக் கணக்கு முடிந்தது.

இதிலேயே ஓர் எச்சரிக்கையும் இருக்கிறது. இதயப் பிரச்சினை, ரத்த அழுத்தம் உள்ளவர்களுக்கு 'மெதுவா நடக்கிற மெஷின்தானே' என்று வாங்கிக் கொடுத்துவிடாதீர்கள். ஆஸ்பத்திரியில் டாக்டர் பக்கத்தில் நின்று செய்ய வைக்கும் சோதனையின் சரிவு இது. கேட்டுவிட்டு வாங்குங்கள்.

மூட்டுவலி உள்ள அம்மா அப்பாவுக்கும் யோசிக்க வேண்டும். ஊரில் இருந்து வந்திருந்த என் அம்மா இரண்டு நாள் ஏறிப் பார்த்தார். மூன்றாம் நாள் கேட்டார்: "ஏன்டி, இது நடக்குற மெஷினா, தள்ளுவண்டியா?" அப்புறம் மொட்டை மாடிக்கே போய்விட்டார்.

ஓடியே ஆக வேண்டும் என்றால் எதைப் பார்க்க வேண்டும்?

முதலில் பெல்ட்டின் அளவு. ஆன்லைனில் பெரிய எழுத்தில் போட்டிருக்கும் நீளமும் அகலமும் மொத்த மெஷினுடையது. 'ரன்னிங் சர்ஃபேஸ்' என்று கீழே எங்கேயோ ஒளிந்திருக்கும் எண்தான் நமக்கு வேண்டும். சின்ன மேனுவல் மாடல்களில் இது சுமார் 33 முதல் 40 செ.மீ. அகலம், 100 முதல் 112 செ.மீ. நீளம். நடக்க இது போதும். மெதுவான ஜாகிங் என்றால் 45 செ.மீ. அகலம், 120 செ.மீ. நீளமாவது இருந்தால் நல்லது. ஒழுங்காக ஓட 50 செ.மீ. அகலம், 140 செ.மீ. நீளம். ஆறடி ஆட்களுக்கு இன்னும் 10 செ.மீ. கூடுதலாகக் கேட்கும்.

ஏன் இவ்வளவு? ஓட்டத்தில் ஒவ்வோர் அடியிலும் இரண்டு காலும் தரையை விட்டு எழும்பும் கணம் ஒன்று உண்டு. கால் எப்போதும் ஒரே இடத்தில் வந்து இறங்காது. முன்னே பின்னே, இடம் வலமாகக் கொஞ்சம் நகரும். களைப்பு வந்தால் இன்னும் அதிகம். 35 செ.மீ. அகலப் பெல்ட்டில் அந்தத் தவறுக்கு இடமே இல்லை. விளிம்பில் மிதித்துவிடுவோமோ என்ற பயத்தில் அடியைச் சுருக்கி, கம்பியை இறுக்கிப் பிடித்து, குனிந்து ஓடுவோம். என்னை என் ரூம்மேட் எடுத்த வீடியோவில் பார்த்தேன். ஓடுகிற மாதிரி இல்லை; ரேஷன் கடை வரிசையில் முண்டியடிக்கிற மாதிரி இருந்தது.

அடுத்தது எடை. இரண்டு எடை: உங்களுடையது, மெஷினுடையது. நடக்கும்போது பாதம் தரையில் கொடுக்கும் அழுத்தம் உடல் எடையைவிடச் சற்றுத்தான் கூடுதல். ஓடும்போது அது இரண்டு முதல் இரண்டரை மடங்கு ஆகிவிடும். 70 கிலோ ஆள் ஓடினால் ஒவ்வோர் அடியும் 140 முதல் 175 கிலோ வரை. 'அதிகபட்சம் 100 கிலோ' என்று போட்டிருக்கும் மெஷினில் 90 கிலோ ஆள் நடக்கலாம். ஓடினால் அது ஆடும். மெஷினே 25 கிலோதான் என்றால், மடித்து நகர்த்த சுகமாக இருக்கும். ஓடும்போது அதுவே உங்களோடு சேர்ந்து நகரும். மொசைக், டைல்ஸ் தரையில் கேட்கவே வேண்டாம்.

மூன்றாவது ஃப்ளைவீல், அதாவது முன் ரோலரின் பக்கவாட்டில் இருக்கும் கனமான சக்கரம். நாம் ஒரு தள்ளு தள்ளியதும் அடுத்த அடி வரை பெல்ட்டைச் சீராக ஓடவைப்பது அதுதான். தையல் மெஷின் சக்கரம் மாதிரி. அது கனமாக இருந்தால் ஓட்டம் சீராகும். லேசாக இருந்தால் ஒவ்வோர் அடிக்கும் பிரேக் போட்ட மாதிரி இருக்கும்.

மற்றதெல்லாம் அலங்காரம். 'ஃபோர் இன் ஒன்' மாடல்களில் இடுப்பைத் திருப்பும் ட்விஸ்டர், ஸ்டெப்பர், புஷ்-அப் கம்பி எல்லாம் தொங்கும். அந்தப் பணத்தில் பெல்ட்டை 5 செ.மீ. அகலமாக்கியிருக்கலாம். கலோரி காட்டும் குட்டித் திரையையும் நம்ப வேண்டாம். பென்சில் பேட்டரியில் ஓடும் அந்த மீட்டர் உங்கள் எடையைக் கேட்டதா? கேட்கவில்லை என்றால் அது காட்டும் கலோரி யாருடையது?

கடையில் பார்த்து வாங்க முடிந்தால் ஒரே ஒரு சோதனை போதும். உங்கள் ஷூவைப் போட்டுக்கொண்டு ஏறுங்கள். இரண்டு நிமிடம் நடந்து வேகம் பிடித்த பிறகு, மெதுவாகக் கம்பியில் இருந்து கையை எடுங்கள். கை வீசி நடக்க முடிகிறதா, பெல்ட் சீராக ஓடுகிறதா? அப்படியென்றால் பரவாயில்லாத மெஷின். பெல்ட் தடுமாறினால் அதில் ஓட முடியாது, விற்பனையாளர் என்ன சொன்னாலும்.

வளைந்த ட்ரெட்மில் என்று ஒன்று இருக்கிறதே?

மோட்டார் இல்லாமலே நிஜமாக ஓடக்கூடிய வகை அதுதான். பெல்ட் தட்டையாக இல்லாமல், இரண்டு பக்கமும் மேலே தூக்கி, தூளி மாதிரி வளைந்திருக்கும். வழுக்கும் பெல்ட்டுக்குப் பதில் ரப்பர் பட்டைகள் கோத்த பெல்ட். அது பேரிங் மேல் உருளுவதால் உராய்வு மிகக் குறைவு. வளைவின் முன்பக்கம் கால் வைத்தால் வேகம் கூடும், பின்னால் நகர்ந்தால் குறையும். கம்பியைப் பிடிக்கத் தேவையில்லை. வுட்வே, அசால்ட் ரன்னர் போன்ற பெயர்களில் பெரிய ஜிம்களில் பார்த்திருப்பீர்கள்.

இதிலும் ஒரு விஷயம். ஒரே வேகத்தில் ஓடினாலும் சாதாரண ட்ரெட்மில்லைவிட வளைந்ததில் ஆக்ஸிஜன் செலவும் இதயத் துடிப்பும் அதிகம் என்று ஆய்வுகள் காட்டுகின்றன. வெளியே மணிக்கு 9 கி.மீ. ஓடுகிறவர் இதில் அதே 9 கி.மீ. எதிர்பார்த்தால் சீக்கிரம் மூச்சு முட்டும். வேகத்தைப் பார்க்காமல் மூச்சைப் பார்த்து ஓட வேண்டும்.

ஆனால் விலை லட்சத்தில். ஜிம்மில் இருக்கும் மாடல்களின் எடை 100 கிலோவைத் தாண்டும். நீளம் ஆறடியை ஒட்டி. லிஃப்ட் இல்லாத மூன்றாவது மாடி வாடகை வீட்டுக்கு இது 'குட்டி' இல்லை.

கரண்ட் பில் பயம் நியாயமா?

மேனுவல் வாங்கப் பலரும் சொல்லும் முதல் காரணம் கரண்ட் பில். எனக்கும் அதுதான். வாங்கிய பிறகுதான் கணக்குப் போட்டேன். ஒரு குதிரைத்திறன் என்பது 746 வாட். வீட்டு உபயோக மோட்டார் ட்ரெட்மில் ஓடும்போது சராசரியாக 700 வாட் இழுக்கிறது என்று வைத்துக்கொள்வோம். தினமும் அரை மணி நேரம், இரண்டு மாசத்துக்கு 30 மணி நேரம். மொத்தம் 21 யூனிட். தமிழ்நாட்டில் வீடுகளுக்கு இரண்டு மாசத்துக்குக் குறிப்பிட்ட அளவு யூனிட் இலவசம். ஏற்கனவே ஏசி ஓடுகிற வீடாக இருந்தாலும் இந்த 21 யூனிட்டால் குடும்பம் முழுகாது. வாடகை வீட்டில் யூனிட்டுக்கு இவ்வளவு என்று ஹவுஸ் ஓனர் தனியாக வசூலித்தால் மட்டும் அந்த ரேட்டில் பெருக்கிப் பாருங்கள்.

கரண்ட் அடிக்கடி போகும் ஊர் என்றால் மேனுவலுக்கு ஒரு புள்ளி கூடும். பராமரிப்பிலும் அது சுலபம். எரிந்துபோக மோட்டார் இல்லை, போர்டு இல்லை. பெல்ட்டுக்கு அடியில் அவ்வப்போது சிலிகான் எண்ணெய் விட வேண்டும். பெல்ட் இடது பக்கம் ஒதுங்கினால் பின்னால் இருக்கும் இடது போல்ட்டை அலன் கீயால் கால் சுற்று முறுக்கினால் நடுவுக்கு வரும். வலது என்றால் வலது போல்ட். ஒரேயடியாக முறுக்க வேண்டாம்.

சத்தம் இரண்டிலும் உண்டு. மேனுவலில் ரோலர் சத்தம் நமக்கு. தடதட என்ற மிதி கீழ் வீட்டுக்கு. கனமான ரப்பர் மேட் போட்டாலும் இரவு 11 மணிக்கு மேல் ஓடினால் கீழ் வீட்டு ஆன்ட்டி மேலே வருவார். எனக்கு வந்தார்.

வீட்டில் சின்னக் குழந்தை இருந்தால் இதை அவசரமாகப் படித்துவிட்டுப் போக வேண்டாம். ஓடும் பெல்ட்டில் கை வைத்து விரல் தோல் உரிந்து ஆஸ்பத்திரிக்கு வரும் குழந்தைகள் உண்டு. 2021இல் அமெரிக்காவில் ஒரு குழந்தை இறந்து, 70க்கும் மேற்பட்ட விபத்துப் புகார்கள் வந்தபின் ஒரு பிரபல மோட்டார் ட்ரெட்மில்லையே சந்தையில் இருந்து திரும்பப் பெற்றார்கள். மோட்டார் மெஷினிலாவது சாவியை உருவி வைக்கலாம். மேனுவலில் சாவியே கிடையாது. குழந்தை ஏறி நின்றாலே பெல்ட் நகரும். மடித்துப் பூட்டி வைப்பது தவிர வழியில்லை.

கடைசியில் நான் என்ன செய்தேன்?

இரண்டு வாரம் ஓட்டத்தை நிறுத்தினேன். பிறகு மேனுவலை ஆன்லைனில் பாதி விலைக்குப் போட்டேன். வாங்க வந்தவர் மேடவாக்கத்தில் இருந்து ஐம்பது வயதுக்காரர். மனசு கேட்காமல் சொல்லிவிட்டேன்: "சார், ஓடுறதுக்குன்னா இது வேணாம்." அவர் சிரித்தார். "ஓடுறதாவது! சுகர், டாக்டர் நடக்கத்தாம்மா சொல்லியிருக்கார். எங்க தெருவுல நடக்க எடம் எங்க இருக்கு?" டாக்டரிடம் இந்தச் சரிவைச் சொல்லிக் கேட்டாரா என்றேன். போட்டோ எடுத்துக் கொண்டுபோய்க் காட்டிவிட்டுத்தான் வந்தாராம். என்னைவிட விவரமானவர்.

அந்தப் பணத்தோடு இன்னும் கொஞ்சம் போட்டு, செகண்ட் ஹேண்டில் ஒரு மோட்டார் ட்ரெட்மில் வாங்கினேன். 45 செ.மீ. அகலம், 125 செ.மீ. நீளம். புத்தாண்டுச் சபதங்கள் கலைந்து இப்படி நிறைய மெஷின்கள் புதுசு போலவே விற்பனைக்கு வருகின்றன. வாங்குமுன் பத்து நிமிடம் வேகமாக ஓட்டிப் பார்த்தேன். கருகிய வாடை வரவில்லை. பெல்ட்டைத் தூக்கி அடியில் டார்ச் அடித்துப் பலகை தேய்ந்திருக்கிறதா என்று பார்த்தேன். மடித்தாலும் கட்டிலுக்கு அடியில் போகாது. பீரோ பக்கத்தில் நிற்கிறது. குட்டியானை வண்டிக்காரர் மூன்றாவது மாடிக்கு ஏற்றத் தனியாக 600 ரூபாய் கேட்டார்.

இப்போது காலை 10 மணிக்கு, கீழ் வீட்டு ஆன்ட்டி கடைக்குப் போயிருக்கும் நேரத்தில், ஒரு சதவீதச் சரிவில் ஓடுகிறேன். நேற்று 4 கி.மீ. கையைக் கம்பியில் வைக்கவில்லை.